முதியவருக்குப் பேச்சுத்துணை: எந்தச் சேவை எந்தச் சுபாவத்துக்கு ஒத்துவரும்?

வயதானவர்களுக்குப் பேச்சுத்துணை தரும் சேவைகள் இன்று பல வடிவங்களில் கிடைக்கின்றன. வாரத்தில் சில நாள் போனில் கூப்பிட்டுப் பேசுகிறார்கள். ஆள் வீட்டுக்கே வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறார். பகல்நேர மையங்கள் இருக்கின்றன. மேசைமேல் வைத்தால் தானாகப் பேச்சுக் கொடுக்கும் கருவி இருக்கிறது, மடியில் வைத்துத் தடவிக்கொடுக்கும் ரோபோவும் இருக்கிறது. தனிமை குறையும், உடம்பு தேறும் என்றுதான் எல்லாமே சொல்கின்றன. ஆனால் ஒருவரைத் தூக்கி நிறுத்தும் சேவை இன்னொருவருக்குத் தொல்லையாகிவிடுகிறது. சேவையின் தரம் ஒரு காரணம் என்றால், அதைப் பெறுபவரின் சுபாவம் அதைவிடப் பெரிய காரணம். வாங்குபவர்கள் பெரும்பாலும் பிள்ளைகள்; அவர்கள் தங்கள் சுபாவத்துக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். இந்த மதிப்பீடு அந்தத் தவறைத் தவிர்க்க எழுதப்பட்டது.

இது வெறும் பொழுதுபோக்கு விஷயம் இல்லை. 2010-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 148 ஆய்வுகளை, 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவை ஒன்றாக வைத்துப் பார்த்தது. சராசரியாக ஏழரை ஆண்டுக் கண்காணிப்பில், உறவுகள் உறுதியாக இருந்தவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 சதவீதம் கூடுதலாக இருந்தது. அதே குழு 2015-ல் வேறொரு தொகுப்பாய்வு செய்து மூன்றையும் பிரித்துச் சொன்னது: உறவுத் தொடர்பு அற்றுப்போனால் இறப்பு அபாயம் 29 சதவீதம் கூடுகிறது, தனிமை உணர்வால் 26, தனியாக வசிப்பதால் 32. உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025-ல் தந்த அறிக்கையில், தனிமையோடு தொடர்புடைய இறப்புகள் ஆண்டுக்கு 8,71,000 என்று மதிப்பிட்டிருக்கிறது.

இந்த மூன்றும் ஒன்றல்ல என்பது சேவையைத் தேர்வு செய்பவருக்கு முதலில் புரிய வேண்டும். வீட்டில் ஆறு பேர் இருந்தும் முகம் கொடுத்துப் பேச ஆளில்லாமல் ஒருவர் இருக்கலாம். தனியாக வசித்தும் மனம் நிறைந்திருப்பவர் உண்டு. இங்கிலாந்தில் 52 வயதைத் தாண்டிய 6,500 பேரைத் தொடர்ந்து பார்த்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில், உடல்நலக் கோளாறுகள் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் தொடர்பற்ற நிலை இறப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. தனிமை உணர்வு அப்படி நிற்கவில்லை. ‘எனக்குத் தனிமையே தெரியவில்லை’ என்று சொல்லும் பெரியவரையும் அப்படியே விட்டுவிட முடியாது என்று இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அவர் கீழே விழுந்தால் யாருக்குத் தெரியும், இருமல் மூன்று வாரம் நீடித்தால் ‘டாக்டரிடம் போங்கள்’ என்று யார் சொல்வார்கள் என்பதும் உறவு செய்யும் வேலைதான்.

முதலில் காது

எந்தச் சேவைக்கும் பதிவு செய்வதற்கு முன் காதைச் சோதித்துவிடுங்கள். பேச்சுத்துணைச் சேவைகள் தோற்றுப்போவதற்கு நாங்கள் முதலிடம் தரும் காரணம் இது. வயதால் வரும் காது மந்தம் உயர்ந்த சுருதி ஒலிகளில்தான் தொடங்குகிறது. ச, த, ப, க போன்ற மெய்யொலிகள் மங்கிவிடும். உயிரொலிகள் நன்றாகவே கேட்கும். அதனால் அவருக்குச் சத்தம் கேட்கிறது, சொல் பிரியவில்லை. ‘கேட்குது, ஆனா புரியல’ என்று பெரியவர் சொன்னால் அது இதுதான். போனில் வாயசைவும் தெரியாது என்பதால் சிரமம் இரட்டிப்பாகும். நாலு தடவை ‘என்ன?’ என்று கேட்டவர் ஐந்தாவது தடவை கேட்கக் கூச்சப்பட்டு, ‘சரி சரி, வைக்கட்டுமா’ என்று முடித்துக்கொள்வார். அழைத்தவர் தன் குறிப்பில் ‘பேச விருப்பமில்லாதவர்’ என்று எழுதிவிடுவார்.

காது மிஷின் மறதி நோயைத் தடுத்துவிடும் என்று விற்பனையாளர் சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். 70 முதல் 84 வயதுவரை உள்ள 977 பேரை வைத்து அமெரிக்காவில் மூன்றாண்டு நடந்து 2023-ல் முடிவு வெளியான சோதனையில், மொத்தக் குழுவில் நினைவாற்றல் சரிவு குறையவில்லை. ஏற்கெனவே ஆபத்துக் காரணிகள் அதிகம் இருந்த ஒரு பிரிவினரிடம் மட்டும் சரிவு 48 சதவீதம் மெதுவாக இருந்தது. ஆனால் அதே சோதனையின் உறவுப் பகுதி 2025-ல் வந்தபோது எங்கள் கவனத்தை ஈர்த்தது வேறொரு செய்தி. மிஷின் பெற்றவர்கள், பெறாதவர்களைவிடச் சராசரியாக ஓர் ஆளைக் கூடுதலாகத் தங்கள் உறவு வட்டத்தில் தக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆள் என்பது அந்த வயதில் சின்ன எண் அல்ல.

மிஷின் வாங்கியும் பேசாமல் இருப்பவர்களிடம் இவற்றைப் பாருங்கள். முதல் நாளே காலை முதல் இரவுவரை போட்டால் தட்டு உரசும் சத்தம்கூடத் தலைவலி தரும். வீட்டுக்குள் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தொடங்கி சில வாரங்களில் நாள் முழுவதற்கும் கொண்டுபோக வேண்டும். பொத்தான் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்ததும் உடனே மூடிவிடக் கூடாது. அது காற்றை உறிஞ்சி இயங்குவது, ஒரு நிமிடமாவது திறந்து வைக்க வேண்டும். காதுக்குப் பின்னால் மாட்டும் வகையில் மைக் காதின் மேல்புறம் இருக்கிறது. போனைக் காதுத் துளையில் வைத்தால் கேட்காது, சற்று மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். மிக நெருக்கினால் கீச்சென்று ஒலிக்கும். காதழுக்கு அடைத்த சின்ன ரப்பர் முனையைத் துடைத்தாலே பாதிப் புகார்கள் தீர்ந்துவிடும்.

சுபாவம் எப்படி உடம்புக்குள் போகிறது

குணத்தை ஐந்து கோடுகளில் அளக்கிறார்கள்: ஒழுங்கும் பொறுப்பும், பதற்றம், கலகலப்பு, இணக்கம், புதியதில் ஆர்வம். இவற்றில் ஆயுளோடு மிகவும் ஒட்டி நிற்பது, கலகலப்பு அல்ல, ஒழுங்கும் பொறுப்பும்தான். 1921-ல் கலிபோர்னியாவில் சுமார் 1,500 சிறுவர் சிறுமியரைக் கொண்டு தொடங்கிய ஆய்வின் தரவை 1993-ல் அலசியபோது, சிறு வயதிலேயே பொறுப்போடு நடந்துகொண்டவர்கள் நீண்ட காலம் வாழ்ந்தது தெரிந்தது. 2007-ல் வெளியான இன்னோர் ஆய்வு 997 கத்தோலிக்கத் துறவியரைப் பன்னிரண்டு ஆண்டுவரை தொடர்ந்தது. ஒழுங்கில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களுக்கு, மிகக் குறைந்தவர்களைவிட அல்சைமர் அபாயம் 89 சதவீதம் குறைவாக இருந்தது. இறந்த பிறகு மூளையைச் சோதித்தபோது நோயின் தடயங்கள் இரு சாராரிடமும் வேறுபடவில்லை. குணம் நோயைத் துடைக்கவில்லை. நோய் இருந்தும் தாக்குப்பிடிக்க வைத்திருக்கிறது என்றே தோன்றுகிறது.

வழிகள் மூன்று. ஒன்று பழக்கம்: மாத்திரையை நேரத்துக்குப் போடுவது, நடப்பது, புகையை விடுவது. இரண்டாவது, உடம்பு அதிர்ச்சியை எடுத்துக்கொள்ளும் விதம்: பதற்ற சுபாவம் உள்ளவருக்குச் சின்னச் செய்தியும் நெஞ்சுத் துடிப்பை ஏற்றிவிடும், தூக்கம் துண்டு துண்டாகும். மூன்றாவது உறவு: வாக்குக் காப்பவரைத் தேடி ஆள் வரும், சிடுசிடுப்பவரிடமிருந்து ஒவ்வொருவராக விலகுவார்கள். பேச்சுத்துணைச் சேவை கை வைக்க முடிந்தது பெரும்பாலும் இந்த மூன்றாவது வழியில்தான். அது நன்றாக நடந்தால் முதலிரண்டும் ஓரளவு பின்தொடரும்.

வயது ஏற ஏற நட்பு வட்டம் சுருங்குவதைப் பார்த்து பிள்ளைகள் பயந்துவிடுகிறார்கள். எல்லா நேரமும் அது பயப்பட வேண்டிய விஷயம் அல்ல. மிச்சமிருக்கும் காலம் குறைவு என்று உணரும்போது மனிதர்கள் மேலோட்டமான பழக்கங்களைத் தாங்களாகவே உதறி, மனதுக்கு நெருக்கமானவர்களை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள் என்பது முதுமை உளவியலில் நன்கு ஊன்றிய கருத்து. எனவே இருபது பேர் இரண்டாகிவிட்டார்கள் என்பது நோயல்ல. அந்த இரண்டு பேரில் ஒருவர் இறந்துவிட்டார் என்பதுதான் ஆபத்து மணி.

போன் வழிச் சேவை: எங்கள் முதல் பரிந்துரை

எளியது, குறைந்த ஏற்பாட்டில் நடப்பது, நன்றாகச் சோதிக்கப்பட்டது. 2020-ல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் 240 பேரிடம் ஒரு சோதனை நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் 65 வயதைத் தாண்டியவர்கள். அழைத்தவர்கள் உளவியல் படித்தவர்கள் அல்ல, 17 முதல் 23 வயதுவரையிலான 16 இளையோர். பயிற்சி இரண்டே அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். நான்கு வாரத்தில், 3 முதல் 9 வரை போகும் தனிமை அளவுகோலில், அழைப்புப் பெற்றவர்களின் எண் மற்றவர்களைவிட 1.1 கூடுதலாக இறங்கியது. மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன.

இந்தச் சோதனையின் வடிவமைப்பைப் படித்துப் பார்த்தால் ஒரு நல்ல சேவைக்கான அளவுகோல் அதிலேயே இருக்கிறது. முதல் ஐந்து நாள் தினமும் அழைத்தார்கள். பிறகு வாரத்துக்கு எத்தனை அழைப்பு என்பதை, இரண்டிலிருந்து ஐந்துக்குள், பெறுபவரே முடிவு செய்தார். பேச்சு நீளமானதல்ல, பத்து நிமிட அளவு. ஒருவருக்கு ஒரே அழைப்பாளர். என்ன பேசுவது என்பதை அழைப்பாளர் கொண்டுவரவில்லை. பெறுபவர் எதைச் சொல்கிறாரோ அதைப் பிடித்துக்கொண்டு மேலும் கேட்டார். சேவை தருபவரிடம் விசாரிக்கும்போது இவற்றைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

நடைமுறையில் சேவைகள் எங்கே சறுக்குகின்றன? ஆளை மாற்றிக்கொண்டே இருப்பது முதல் பிழை. திங்கள் ஒருவர், வியாழன் வேறொருவர் என்றால் பெரியவர் தன் முழங்கால் கதையை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். மூன்றாவது வாரத்தில் ‘ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன்’ என்று நிறுத்திவிடுவார். ஒரு அழைப்பாளர், அவர் விடுப்பில் போனால் பெரியவருக்கு ஏற்கெனவே அறிமுகமான ஒரே ஒரு மாற்று ஆள் என்ற ஏற்பாடு இருக்கிறதா என்று பாருங்கள்.

அழைப்பு விசாரணையாக மாறுவது அடுத்தது. ‘மாத்திரை போட்டீங்களா, சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா’ என்று பட்டியலை வாசித்தால் அது பேச்சுத்துணை இல்லை, வருகைப் பதிவேடு. கண்காணிப்பு வேண்டுமானால் அதற்கென்று தனி அழைப்பு வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும். நல்ல அழைப்பாளரின் அடையாளம், போன முறை சொன்னதை இந்த முறை நினைவு வைத்துக் கேட்பது: ‘அந்தச் செடி துளிர்விட்டதா?’ இதற்காக ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் இரண்டு வரி குறித்து வைக்கும் பழக்கம் அவர்களிடம் இருக்க வேண்டும். அந்தக் குறிப்பை யார் யார் படிக்கலாம், எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

நேரம் தவறுவது மூன்றாவது. பத்து மணிக்கு என்றால் ஒன்பதே முக்காலுக்கே போனருகில் வந்து உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. பதற்ற சுபாவம் உள்ளவருக்கு இருபது நிமிடத் தாமதம் என்பது அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலை, அல்லது என்னைப் பிடிக்கவில்லையோ என்ற சந்தேகம். அழைக்க முடியாத நாளில் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்களா என்று கேளுங்கள்.

மறுபக்கம், பெரியவர் எடுக்காவிட்டால் என்ன செய்வார்கள்? இதற்குத் தெளிவான ஒழுங்கு இல்லாத சேவையை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அழைப்பது, அப்போதும் இல்லையென்றால் பெரியவரே பெயர் கொடுத்த ஒருவருக்குத் தகவல், அவராலும் முடியாவிட்டால் நேரில் பார்க்க ஏற்பாடு. இந்த மூன்று படிக்கும் பெரியவரின் சம்மதம் முதல் நாளே வாங்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் குளித்துக்கொண்டிருந்தவர் வீட்டுக் கதவை யாரோ வந்து தட்டி, அதோடு சேவையே வேண்டாம் என்றாகிவிடும்.

பணம், வங்கிக் கணக்கு, சொத்து பற்றிய பேச்சு அழைப்பாளர் பக்கத்திலிருந்து வரவே கூடாது. பரிசு, கடன், சாவி எதையும் வாங்கக் கூடாது என்ற விதி இருக்க வேண்டும். அதைப் பெரியவரிடமும் தெரிவித்திருக்க வேண்டும். அழைப்பாளருக்கு மட்டும் தெரிந்த விதியால் பயனில்லை. போனில் ஏமாற்றுபவர்களும் இதே அன்பான குரலில்தான் தொடங்குகிறார்கள் என்பதால், அழைப்பு எப்போதும் ஒரே எண்ணிலிருந்து வர வேண்டும், அந்த எண் பெயரோடு பதிந்திருக்க வேண்டும்.

இனி யாருக்கு இது ஒத்துவரும் என்பது. அளந்து பேசுபவர், புது ஆளை வீட்டுக்குள் விடத் தயங்குபவர், சந்தேக சுபாவம் உள்ளவர் ஆகியோருக்கு வருகைச் சேவையைவிடப் போன் நல்லது. வேண்டாம் என்றால் வைத்துவிடலாம் என்ற பிடி அவர் கையில் இருக்கிறது. அமைதியான குணம் உள்ளவருக்கு வாரம் இரண்டு அழைப்பு போதும். தினமும் அழைத்தால் களைப்படைவார். நீண்ட நாள் தனிமையில் இருந்தவர் முதல் இரண்டு மூன்று வாரம் வெடுக்கென்று பேசுவார். தனிமை மனிதரை விழிப்பாக்கி, மற்றவர் பேச்சில் புறக்கணிப்பைத் தேட வைக்கிறது. தனிமை குறைக்கும் முயற்சிகளை ஒப்பிட்ட 2011-ன் தொகுப்பாய்வில், ஆட்களைச் சேர்த்துவிட்ட திட்டங்களைவிட, மற்றவர் என்னை ஒதுக்குகிறார் என்ற தவறான எண்ண ஓட்டத்தைச் சரிசெய்த திட்டங்களே கூடுதல் பலன் தந்தன. எனவே இந்தக் கட்டத்தில் அழைப்பாளர் பின்வாங்காமல், அதே நேரத்தில், அதே குரலில் தொடர வேண்டும். மூன்று வாரத்துக்குள் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று கைவிடும் சேவைக்கு இந்த வேலை தெரியவில்லை என்று பொருள்.

உதவி வாங்கக் கூசும் பெரியவர்கள் தனி ரகம். வாழ்நாளெல்லாம் கொடுத்தே பழகியவர்கள் அவர்கள். ‘உங்களுக்குத் துணையாக ஆள் ஏற்பாடு செய்திருக்கிறோம்’ என்றால் மறுத்துவிடுவார்கள். அவர்களைக் கேட்பவராக்காதீர்கள், கொடுப்பவராக்குங்கள்: இளையவர் ஒருவருக்குக் கணக்கு வழக்கு சொல்லித்தருவது, ஒரு குழந்தைக்குப் போனில் கதை சொல்வது, அழைப்பாளருக்கே தான் அறிந்த தொழிலை விளக்குவது. இது மனதைத் தேற்றும் தந்திரம் மட்டுமல்ல. 423 வயதான தம்பதிகளை ஐந்தாண்டு தொடர்ந்து 2003-ல் வெளியான ஆய்வில், மற்றவருக்கு ஆதரவு தந்தவர்களிடம்தான் இறப்பு குறைவாக இருந்தது; ஆதரவு பெற்றதால் மட்டும் அந்தப் பலன் தெரியவில்லை.

நேரில் வரும் சேவை: நல்லது, ஆனால் முடிவைப் பற்றிக் கேளுங்கள்

கண் பார்வை மங்கியவர், போனில் பேச முடியாத அளவு காது கேளாதவர், மறதி நோயின் நடுக்கட்டத்தில் இருப்பவர் ஆகியோருக்கு நேர் வருகைதான் வழி. கலகலப்பான சுபாவம் இருந்து, கால் முடியாமல் வீட்டோடு ஆகிவிட்டவர்களுக்கும் இதுவே பொருத்தம். இழப்பை அதிகம் உணர்பவர்கள் இவர்கள்தான்; கூட்டத்தில் மலர்ந்தவருக்குப் பத்து நிமிட போன் போதாது.

இந்தச் சேவையை எடைபோடுபவர் தெரிந்திருக்க வேண்டிய பழைய சோதனை ஒன்று உண்டு. 1976-ல் அமெரிக்காவில் முதியோர் இல்லவாசிகளைக் கல்லூரி மாணவர்கள் சில வாரம் சென்று பார்த்தார்கள். ஒரு பகுதியினர் வருகையின் நேரத்தையும் நீளத்தையும் தாங்களே தீர்மானித்தார்கள். இன்னொரு பகுதியினருக்கு எப்போது வருவார்கள் என்பது முன்கூட்டியே சொல்லப்பட்டது. மற்றொரு பகுதியினரிடம் மாணவர்கள் சொல்லாமல் திடீரென்று வந்தார்கள். நான்காவது பகுதியினருக்கு வருகையே இல்லை. முதல் இரண்டு பகுதியினர் உடல்நிலையிலும் உற்சாகத்திலும் தேறினார்கள். சொல்லாமல் வந்து பார்க்கப்பட்டவர்கள் வருகையே இல்லாதவர்களைவிடப் பெரிதாக மேம்படவில்லை. இதுவரை நல்ல செய்தி. சோதனை முடிந்து மாணவர்கள் போய்விட்டார்கள். 1978-ல் வெளியான பின்தொடர் ஆய்வில், நன்றாகத் தேறிய அதே இரண்டு பகுதியினர்தான் சரிந்திருந்தார்கள். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

கையில் கொடுத்ததைச் சட்டென்று பிடுங்கினால் கொடுக்காததைவிட மோசமாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆகவே மூன்று மாதச் சலுகை, ஆறு வாரத் திட்டம் என்று வருபவற்றை ஏற்பதற்கு முன் இரு முறை யோசியுங்கள். சேவை தருபவரிடம், வருபவர் வேலையை விட்டால் எத்தனை நாள் முன்னதாகச் சொல்வீர்கள், புதியவர் பழையவரோடு சேர்ந்து எத்தனை முறை வருவார் என்று கேளுங்கள். குறைந்தது மூன்று வருகை இருவரும் சேர்ந்து வர வேண்டும் என்பது எங்கள் கருத்து. கடைசி வருகை கடைசி வருகை என்று சொல்லியே நடக்க வேண்டும். பெரியவர் வருத்தப்படுவார் என்று மறைத்து, ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று போய்விடுவதுதான் இந்தத் துறையின் மிகக் கொடிய பழக்கம். அது வருத்தத்தோடு ஏமாற்றத்தையும் சேர்த்துக் கொடுக்கிறது.

நேரத்தைப் பெரியவரே வைக்கட்டும். நாற்காலியை எங்கே போடுவது என்பதுகூட அவர் முடிவாக இருக்கட்டும்.

பகல்நேர மையம், வகுப்பு, குழு

கூடிப் பேசுவதற்காக மட்டும் கூடும் குழுக்கள் பெரும்பாலும் நிலைப்பதில்லை. கூடிச் செய்ய ஒரு வேலை இருக்கும் குழுக்கள் நிலைக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 1990-களில் தொடங்கிப் பிற நாடுகளுக்குப் பரவிய ஆண்களுக்கான பட்டறைக் கூடங்கள் இதற்கு எடுத்துக்காட்டு. அங்கே நேருக்கு நேர் உட்கார்ந்து மனம் திறக்கச் சொல்வதில்லை. மரத்தை இழைத்துக்கொண்டே பக்கவாட்டில் பேச்சு வருகிறது. வாய் திறக்காத ஆண்களுக்கு இது ஒத்துவரும். ஒழுங்கும் பொறுப்பும் மிக்கவருக்குக் குழுவில் ஒரு வேலையைக் கொடுங்கள், வருகைப் பட்டியல் எழுதுவதோ சாவி வைத்திருப்பதோ. ஒரு நாள்கூடத் தவறாமல் வருவார். பதற்ற சுபாவம் உள்ளவரை முப்பது பேர் கூடத்தில் முதல் நாளே விட்டுவிடாதீர்கள். ஆள் குறைவான நேரத்தில், தெரிந்த ஒருவரோடு, அரை மணி நேரம் என்று தொடங்க வேண்டும். எதிரொலிக்கும் பெரிய கூடங்கள் காது மிஷின் போட்டவருக்கு நரகம் என்பதையும் போய்ப் பார்க்கும்போது கவனியுங்கள்: சுவரில் திரைச்சீலை, தரையில் விரிப்பு இருந்தால் பேச்சு தெளியும்.

ரோபோ: குறுகிய இடத்தில் மட்டும்

பாரோ என்பது ஜப்பானில் உருவான, குட்டி சீல் வடிவ ரோபோ. எடை இரண்டரை கிலோவுக்குச் சற்று மேல், வெள்ளை ரோமம். தொடுகை, ஒளி, ஒலி, வெப்பம், எப்படித் தூக்கிப் பிடித்திருக்கிறோம் என்ற நிலை ஆகிய ஐந்தையும் உணரும். சார்ஜரின் முனை குழந்தைச் சூப்பான் வடிவில் இருக்கும். பூனையும் நாயும் செய்து பார்த்தபோது உண்மையான பூனை, நாயோடு ஒப்பிட்டு மக்கள் குறை கண்டார்கள். சீலை யாரும் வளர்த்ததில்லை என்பதால் இந்த வடிவத்துக்குப் போனார்கள். 2009-ல் அமெரிக்காவில் மருத்துவக் கருவியாகவே ஏற்கப்பட்டது.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 28 பராமரிப்பு இல்லங்களில் மறதி நோய் உள்ள 415 பேரிடம் இதைச் சோதித்து 2017-ல் வெளியிட்டார்கள். ஒருமுறைக்கு 15 நிமிடம், வாரம் மூன்று முறை, பத்து வாரம். இயங்கும் பாரோ பெற்றவர்கள் அதனோடு அதிகம் பேசினார்கள், அதிகம் பார்த்தார்கள். வழக்கமான பராமரிப்பைவிட மகிழ்ச்சி கூடி, கொந்தளிப்பு ஓரளவு குறைந்தது வீடியோப் பதிவில் தெரிந்தது. ஆனால் கொந்தளிப்பை அளக்கும் வினாத்தாளில் குழுக்களுக்கிடையே வேறுபாடு தெரியவில்லை. மின்சாரம் அணைத்த பாரோவை வெறும் பொம்மையாகப் பெற்றவர்களும் சில அளவுகளில் ஏறக்குறைய அதே அளவு பலன் பெற்றார்கள். எங்கள் தீர்ப்பு: மறதி நோய் முற்றியவர், தடவிக்கொடுப்பதில் அமைதி காண்பவர், அருகில் ஒரு பராமரிப்பாளர் இருக்கும்போது, இந்த மூன்றும் சேர்ந்தால் பாரோ பொருந்தும். வாங்குவதற்கு முன் ஒரு வாரம் மென்மையான பொம்மையைக் கொடுத்துப் பாருங்கள். அதையே ஒதுக்குபவர் பாரோவையும் ஒதுக்க வாய்ப்பு அதிகம். பலர் மாறி மாறித் தொட்டால் ரோமத்தின் சுத்தம் பெரிய வேலை. அறிவு தெளிவாக இருப்பவர் மடியில் இதை வைத்தால் தன்னைக் குழந்தையாக்குகிறார்கள் என்று அவமானப்படக்கூடும். அந்த வருத்தம் நியாயமானது.

எல்லிக்யூ வேறு வகை. மேசைமேல் நிற்கும், தலையசைக்கும், கேட்காமலே பேச்சைத் தொடங்கும், பக்கத்தில் ஒரு திரை இருக்கும். நியூயார்க் மாநில முதியோர் துறை 2022 முதல் இதை நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கொடுத்துவருகிறது. தனிமை வெகுவாகக் குறைந்ததாக வந்த செய்திகள் பயனர்களே சொன்னவை என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். புதியதில் ஆர்வம் உள்ளவர் இதோடு பழகிக்கொள்வார்; தனிமையில் அமைதி காண்பவருக்கு, கேட்காமல் பேசும் எதுவும் எரிச்சல்தான். தண்ணீர் குடிக்க, நடக்க நினைவூட்டுவதற்கு உதவும். துணைக்கு மாற்றாக வாங்க வேண்டாம்.

உறவே புண்ணாக இருந்தால்

சில சேவைகள் விலகிப்போன உறவினரை மறுபடி சேர்த்துவைப்பதாகச் சொல்கின்றன. இதில் எச்சரிக்கை தேவை. 2005-ல் வெளியான சோதனை ஒன்றில் 42 தம்பதிகளின் கையில் சிறு கொப்புளப் புண்களை ஏற்படுத்தி ஆறும் வேகத்தை அளந்தார்கள். கடுமையாகச் சண்டையிட்ட தம்பதிகளின் புண்கள், அப்படியில்லாதவர்களுடைய வேகத்தில் 60 சதவீத அளவில்தான் ஆறின. கசந்த உறவைக் கூட்டுவது எண்ணிக்கையைக் கூட்டும், உடம்பைத் தேற்றாது. பெரியவர் ஒருவரது பெயரைச் சொல்லி ‘அவன் போன் பண்ண வேண்டாம்’ என்றால் அதை மதிக்கும் சேவையே நல்ல சேவை.

பலிக்கிறதா என்று அளப்பது

சேவை தொடங்குவதற்கு முந்தைய நாள் மூன்று கேள்வி கேளுங்கள். பேச்சுக்குத் துணையில்லை என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? விட்டு ஒதுக்கப்பட்டதாக? மற்றவர்களிடமிருந்து பிரிந்து தனித்துக் கிடப்பதாக? ஒவ்வொன்றுக்கும் ‘அரிதாக’ என்றால் 1, ‘சில நேரம்’ என்றால் 2, ‘அடிக்கடி’ என்றால் 3. கூட்டினால் 3 முதல் 9 வரும். 6-ம் அதற்கு மேலும் கவலைக்குரியது. பிள்ளைகள் கேட்டால் மனம் நோகாதபடி பதில் சொல்லிவிடுவார்கள், அதனால் வெளியாள் கேட்பது நல்லது. நான்காவது வாரமும் பன்னிரண்டாவது வாரமும் அதே ஆள், அதே நேரத்தில், மறுபடி கேட்க வேண்டும். பண்டிகைக்கு முந்தைய வாரத்திலோ ஒரு சாவுக்கு அடுத்த வாரத்திலோ கேட்டால் எண் ஏமாற்றும்.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமின்மை, பசியின்மை, விடிகாலையில் விழித்துக் கிடப்பது, சாவைப் பற்றிய பேச்சு இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். பேச்சுத்துணையை மட்டும் நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு என்றால் அன்றைக்கே.

அப்படி எதுவும் இல்லாமல், பன்னிரண்டாவது வாரத்திலும் எண் இறங்கவில்லையென்றால் முதலில் ஆளை மாற்றாதீர்கள். அழைப்பு நேரத்தை மாற்றிப் பாருங்கள்: காலையில் வேலையாக இருப்பவருக்கு மாலை மங்கும் நேரம்தான் கனக்கும். பிறகு எண்ணிக்கையைப் பெரியவரிடமே கேட்டுக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் யார் அதிகம் பேசுகிறார்கள் என்று ஒரு அழைப்பைக் கவனியுங்கள், பெரியவரின் சம்மதத்தோடு. பத்து நிமிடத்தில் ஆறு நிமிடமாவது அவர் குரல் ஒலிக்க வேண்டும். ஒலிக்கவில்லையென்றால் அப்போது ஆளை மாற்றலாம்.